அரைப்பேர்

எங்கள் தோட்டத்தில் சட்டம் ரொம்ப எளிது. பதினெட்டுக் கிலோ கொழுந்து நிறுத்தால் ஒரு பேர். பதினாறு நிறுத்தால் அரைப்பேர். விடிய முன்னே, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்துக்கு ஓடி, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, மழையில் ஊறிய படங்கு இடுப்பில் இறுக, மலை உச்சியிலிருந்து கூடையோடு இறங்கி வந்தவளின் பாதி நாளை ஒரு பேனாக் கோடு தின்றுவிடும். மேல்முறையீடு கிடையாது. ஆணைக்குழு கிடையாது. ஜெனீவாவில் கை தூக்கி வாக்கெடுக்கும் வழக்கமும் கிடையாது. தராசு சொன்னால் சொன்னதுதான். தராசு வாயைத் திறக்கும் முன்பே கூடைக்கு இவ்வளவு, இலையில் நின்ற தண்ணிக்கு இவ்வளவு என்று கழிவு வேறு.

மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. “இந்த மாசம் எத்தன பேரு?” என்று கேட்டால், வருகைப் பதிவேடான செக்ரோலில் எத்தனை நாள் விழுந்தது என்று அர்த்தம். ஆளுக்கும் பேர், பெயருக்கும் பேர், கூலிக்கும் பேர். இந்த ஒற்றைச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் முன்னாள் ஜனாதிபதி நந்தசேன கோட்டாபய ராஜபக்ஷவின் கணக்கைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சுலபமான கணக்கு. 2021 மே மாதம் ஒரே இரவில் இரசாயன உரத்தை நாட்டுக்குள் வரவிடாமல் அடைத்தார். தேயிலைச் செடிக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. அது மஞ்சளாகி நின்றது. ஒக்டோபரில் தேயிலைக்குத் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்திருந்தது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. டீசல் இல்லாத நாட்களும் இதில் சேர்த்திதான், அதுவும் அவர் கைங்கரியமே. குறைவு 48 மில்லியன் கிலோ. இரண்டு கிலோவுக்கு அரைப்பேர் என்ற எங்கள் சட்டத்தில் போட்டுப் பாருங்கள்: ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் வெட்ட வேண்டும். நாட்டின் சனத்தொகையில் பாதிக்கு மேல். அதுவும் இது ஸ்டோரில் அரைத்துக் காய்ந்த தூளின் கணக்கு; பச்சைக் கொழுந்தாகப் பார்த்தால் நான்கு மடங்குக்கு மேல் ஏறும்.

சரி, எத்தனை பேர் வெட்டினார்கள்? 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதாரத்தைக் குழியில் தள்ளி மக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் என்று கோட்டாபய, மஹிந்த, பசில் என்ற மூன்று சகோதரர்களையும் இன்னும் சில அதிகாரிகளையும் சுட்டிக்காட்டியது. கட்டளை, மனுதாரர்களுக்கு 150,000 ரூபா வழக்குச் செலவு. அன்றைய ஆயிரம் ரூபாச் சம்பளத்தில் 150 பேர். ஒரு கொழுந்துக்காரி ஆறு மாதத்தில் எடுத்துவிடுவாள். ஒரு நாட்டைத் திவாலாக்க இவ்வளவுதான் செலவு என்று தெரிந்திருந்தால், எங்கள் லயத்திலேயே சீட்டுப் பிடித்து நாங்களும் ஒரு நாட்டைத் திவாலாக்கிப் பார்த்திருப்போம்.

ஆனால் அந்த ஆளை நான் கூப்பிட்டது தேயிலைக்காக அல்ல. இந்த மனிதர் எப்படி எழுந்தார் என்பதையும் எதற்காக விழுந்தார் என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

எழுந்த கதை. இராணுவத்திலிருந்து விலகி அமெரிக்கா போனவர், லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சட்டக் கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். சட்டத்தோடு அவருக்கிருந்த நெருக்கம் அவ்வளவுதான். கம்பி இணைப்பைச் சரிபார்க்கிற நெருக்கம். 2005இல் அண்ணன் மஹிந்த ஜனாதிபதியானார், தம்பி பாதுகாப்புச் செயலாளரானார். 2009 மே மாதம் போர் முடிந்தது. தெற்கில் தெருத்தெருவாகப் பாற்சோறு கொடுத்தார்கள். ஹட்டன் கடைவீதியில் நாங்களும் வாங்கித் தின்றோம். வாங்காமல் நின்றால் யார் பார்ப்பார்கள், யார் கேட்பார்கள் என்று தெரியாத நாட்கள் அவை. அந்தச் சோறு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

அந்தப் போரின் நிறுவையைப் பாருங்கள். 2009 தொடக்கத்தில், வன்னியில் அடைபட்ட சனம் சுமார் எழுபதாயிரம்தான் என்றது அரசாங்கம். கடைசியில் முள்வேலி முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம். இது எண்ணத் தெரியாதவன் விட்ட பிழையா? எழுபதாயிரம் பேர் என்று எழுதினால் எழுபதாயிரம் வாய்க்குத்தான் அரிசி, எழுபதாயிரம் காயத்துக்குத்தான் மருந்து. மிச்சம் இருந்த இரண்டு இலட்சத்துச் சொச்சம் கழிவு. கூடை எடை, தண்ணி எடை. எங்கள் தோட்டத்துக் கங்காணிகூட நூறு கிலோவை இருபத்தைந்து என்று எழுதத் துணியமாட்டான். எழுதினால் பெண்கள் கூடையோடு ஆபீசை வளைத்துக்கொள்வார்கள்.

செத்தவர்களின் நிறுவை அதைவிட விசித்திரம். அரசாங்கத்தின் தராசில் பொதுமக்கள் சாவு பூச்சியம். அன்றைக்குக் கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் தமக்குள் வைத்திருந்த கணக்கில், மே 13 வரைக்கும் 7,721. 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா. தன் குற்றத்தைத் தானே விசாரித்த அறிக்கை எழுபதாயிரத்தைத் தொட்டது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், அரசாங்க அலுவலகங்களின் சனத்தொகைப் பதிவையும் முகாமுக்கு வந்தவர் தொகையையும் கழித்துப் பார்த்து, 146,679 பேர் எங்கே என்று ஆணைக்குழுவின் முன்னால் போய்க் கேட்டார். பூச்சியத்துக்கும் ஒன்றரை இலட்சத்துக்கும் இடையில் ஊசலாடும் ஒரு தராசை உலகத்தில் வேறு எந்த ஸ்டோரில் வைத்திருக்கிறார்கள்?

விடுதலைப் புலிகளின் பக்கத்துத் தராசும் துருப்பிடித்ததுதான். பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பியதையும், சனத்தைப் போகவிடாமல் மறித்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. அவர்களை நடத்தியவர்களில் பெரும்பாலானோர் மண்ணுக்குள் இருக்கிறார்கள், விசாரிக்க முடியாது. மறுபக்கத்தில், மண்ணுக்கு வெளியே இருந்தவர்கள் மாளிகைக்குப் போனார்கள்.

வெள்ளைக்கொடி விவகாரத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கடைசி நாளில் சரணடைய வந்தவர்களைச் சுடும்படி உத்தரவு போனது பாதுகாப்புச் செயலாளரிடமிருந்து என்று 2009 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவின் பேட்டி வந்தது. கோட்டாபய மறுத்தார். பொன்சேகாவும் தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றார். வழக்கு நடந்தது, தீர்ப்பும் வந்தது, 2011 நவம்பரில் ஒருவருக்கு மூன்று ஆண்டுச் சிறையும் கிடைத்தது. யாருக்கு? பொன்சேகாவுக்கு. சுட்டார்களா என்று கேட்பதற்கு இந்த நாட்டில் நீதிமன்றம் கிடைக்கவில்லை. சுட்டார்கள் என்று சொன்னதற்கு மூன்று நீதிபதிகள் கிடைத்தார்கள்.

தப்பித் தவறி ஒரு வழக்கு முழுசாக நடந்து முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கைவசம் பதில் இருக்கிறது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் தங்கள் வீடு வாசலைப் பார்க்கப் போன எட்டுப் பேரைக் கொன்று புதைத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் அடக்கம். பதினைந்து வருடம் இழுத்து 2015இல் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவத்தினருக்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் நாங்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரத்தில், ஜனாதிபதி கோட்டாபய அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். முகக்கவசம் போட்டிருந்தாரா என்று மட்டும்தான் கேட்க முடிந்த காலம்.

இதெல்லாம் வடக்கின் கதை, மலைக்கு என்ன வந்தது என்று கேட்கும் புத்திசாலிகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. பண்டாரவளையிலிருந்து கூப்பிடு தூரம் பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25 காலை, அங்கே அரசாங்கப் புனர்வாழ்வு முகாமுக்குள் கத்தியும் பொல்லுமாகக் கூட்டம் புகுந்து 27 தமிழ் இளைஞர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. அறுபது பொலிசார் அளவில் பக்கத்தில் நின்றார்கள். ஐந்து பேருக்கு மரண தண்டனை என்று 2003இல் தீர்ப்பு வந்தது. 2005இல் கடைசி ஆளும் விடுதலை. கொலை நடந்தபோது கோட்டாபய கடல் தாண்டி இருந்தார், இதை அவர் தலையில் கட்ட நான் வரவில்லை. ஒப்பந்தக்காரர் மாறினாலும் கொந்தரப்பு வேலை நிற்பதில்லை என்று காட்டத்தான் சொன்னேன்.

எங்கள் தலைவர்களையும் நிறுக்கத்தான் வேண்டும். போர் முடிந்து எட்டு மாதத்தில், 2010 ஜனவரியில், தேர்தல் வந்தது. போரை நடத்திய ஜனாதிபதி ஒரு பக்கம், போரை நடத்திய தளபதி மறு பக்கம். சுட்ட கை வேண்டுமா, சுடச் சொன்ன வாய் வேண்டுமா என்று தமிழனிடம் வாக்குச்சீட்டை நீட்டினார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்தவோடு நின்றது. 2019இல் கோட்டாபயவோடு நின்றது. மறுபக்கம் நின்ற சங்கங்களின் வேட்பாளர் சஜித், தான் வென்றால் தேசியப் பாதுகாப்பைப் பொன்சேகாவிடம் கொடுப்பேன் என்று மேடையில் சொல்லித்தான் வாக்குக் கேட்டார். நுவரெலியா மாவட்டம் இரண்டு முறையும் ராஜபக்ஷக்களுக்கு எதிராகவே புள்ளடி போட்டது. மேடையில் விழுந்த மாலையின் கனத்தை வைத்து எங்கள் வாக்கை நிறுக்கப் பார்த்தவர்களுக்கு இதுவும் ஒரு கழிவு.

2019 நவம்பரில் அனுராதபுரத்து ருவன்வெலிசாயவில் பதவி ஏற்றார். சிங்கள மக்களின் வாக்கால் மட்டுமே வெல்ல முடியும் என்று தெரியும், மற்றவர்களையும் சேரக் கேட்டேன், எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று அங்கேயே சொன்னார். குறைந்த கொழுந்துக்கு முதல் நாளே எச்சரிக்கை. அடுத்த இரண்டாவது மாதம், தோட்டத் தொழிலாளிக்கு 2020 மார்ச் முதல் ஆயிரம் ரூபா என்றார்; அது வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். அதே 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் செத்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்யலாம் என்றார். பத்து வருடம் தாய்மார் வீதியில் உட்கார்ந்து படத்தைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு ஒரு தேத்தண்ணி நேரத்தில் பதில். எப்படிச் செத்தார்கள், யார் கையில் செத்தார்கள் என்று கேட்டால் சான்றிதழில் அதற்கு இடமில்லை. 2022இல் விலையும் வந்தது, காணாமல் போன ஒருவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அமைச்சரவை தீர்மானித்தது. ஆயிரம் ரூபாச் சம்பளத்தில் 100 பேர். அதாவது ஒரு ஆளுக்கு நூறு பேர். இந்த வாக்கியத்தை மலையகத் தமிழில் மட்டும்தான் எழுத முடியும், அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

இப்போது விழுந்த கதை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, மின்சாரம் இல்லை. தோட்டத்தில் ரொட்டி சுடக் கோதுமை மா எட்டாத விலைக்குப் போனது; கிழங்கை அவித்துத் தின்றோம். 2022 ஜூலை 9இல் கொழும்பு பொங்கியது. ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் பொடியன்கள் குதித்தார்கள். அங்கே 1 கோடியே 78 இலட்சம் ரூபா காசும் இருந்தது. ஒரு கொழுந்துக்காரி வருடத்துக்கு முந்நூறு பேர் தவறாமல் போட்டாலும் அந்தக் காசைச் சேர்க்க ஐம்பத்தொன்பது வருடம் பறிக்க வேண்டும், ஒரு வாய் ரொட்டி தின்னாமல். ஜூலை 13 விடியற்காலை விமானப்படை விமானத்தில் மாலைதீவு, மறுநாள் சிங்கப்பூர். பதவி விலகல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. வேலையை விட்டு அனுப்பும் பத்துச்சீட்டைத் தனக்குத் தானே எழுதிக்கொண்ட முதல் துரை.

நானும் கைதட்டினேன். தட்டிய கையை இரவில் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்று இலட்சம் சனத்தை ஒரு கடற்கரைத் துண்டில் அடைத்துக் குண்டு போட்டபோது இந்த நாட்டுக்கு வராத கோபம், ஒரு காஸ் சிலிண்டருக்கு வந்திருக்கிறது. பசித்தவன் கோபப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் வரிசையில் நின்றவன். ஆனால் அவரை விரட்டியவர்களில் எத்தனை பேர், 2009இல் பாற்சோறு கிண்டியவர்கள்? விரட்டியது அடுப்பு எரியாததால்தானே. அடுப்பு எரிந்துகொண்டே இருந்திருந்தால் இன்றைக்கும் அவர் மாளிகையில்தான் இருந்திருப்பார், நாட்டைக் காத்த வீரராக.

சிங்கப்பூரில் இருந்தபோது அவரைக் கைதுசெய்யக் கோரி உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசத் திட்டம் அந்நாட்டுச் சட்டமா அதிபரிடம் முறைப்பாடு கொடுத்தது. 2019இல் கலிபோர்னியாவிலும் ஒரு கடை வாசலின் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அவர் கையில் வழக்குப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். கொலையுண்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவின் மகள் தொடுத்த வழக்கு. அரச அதிகாரிக்கு விலக்குரிமை உண்டு என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். உள்நாட்டில் அவர் கூண்டேறியது எதற்குத் தெரியுமா? பெற்றோருக்கு நினைவகம் கட்டியதில் அரச பணம் 3 கோடியே 39 இலட்சம் என்ற வழக்கு. ஜனாதிபதியானதும் அதுவும் கழன்றது. பெற்றோரின் நினைவகத்துக்கு வழக்கு உண்டு. போர் முடிந்த முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்தவன் மீதும் வழக்கு உண்டு. நினைவுகள் விடயத்தில் இந்தச் சட்டம் மிகவும் கண்டிப்பானது.

லைபீரியாவின் சார்ள்ஸ் டெய்லருக்கு 2012இல் ஐம்பது வருடம் போட்டார்கள். சேர்பியாவின் மிலோசெவிச் தீர்ப்புக்கு முன்னரே சிறையறையில் செத்தார். பிலிப்பைன்ஸின் டுடெர்ட்டேயை 2025 மார்ச்சில் விமான நிலையத்தில் பிடித்து ஹேக்குக்கு ஏற்றினார்கள். நம் ஆள் 2022 செப்டெம்பரில் பாங்கொக்கிலிருந்து திரும்பியபோது விமான நிலையத்தில் அமைச்சர்கள் மாலையோடு நின்றார்கள். வீடு கிடைத்தது, காவல் கிடைத்தது. 2024இல் தன்னைச் சதி செய்து விரட்டினார்கள் என்று ஒரு புத்தகமும் எழுதினார். இலங்கை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் உரோம் சாசனத்தில் கையெழுத்திடாத நாடு; ஹேக் எங்களுக்கு வானொலியில் கேட்கும் ஊர். 2024இல் ஜனாதிபதியான அநுர குமார, தேர்தலுக்கு முன்பே, உரிமை மீறல் குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தண்டிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். 2025இல் முன்னாள் ஜனாதிபதிகளின் வீட்டையும் சலுகையையும் சட்டம் போட்டுப் பறித்தார், பாராட்டினோம். முன்னாள் ஜனாதிபதி ரணிலைக்கூட அரச காசில் இங்கிலாந்துக்குப் போன குற்றத்துக்குக் கைதுசெய்தார்கள். இந்த நாட்டில் தலைவர்கள் வீட்டுக்கும் பயணச்சீட்டுக்கும் காசுக்கும் பதில் சொல்கிறார்கள். அதே 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் மண்ணைக் கிளறினால் எலும்பும் ஒரு பிள்ளையின் நீலப் புத்தகப் பையும் வந்தன. பை யாருடையது என்று கேட்க ஒரு செக்ரோலும் இல்லை.

எங்கள் லயத்து மூன்றாவது காம்பரா சின்னம்மாவுடையது, என் அம்மாவின் தங்கச்சி. 1977 கலவரத்தில் லயத்தை எரித்தபோது, கையில் ஒரு குண்டானும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக வன்னிக்குப் போனவள். அவளைப் போல ஆயிரக்கணக்கானோர் போனார்கள். 1983க்குப் பிறகு இன்னும் போனார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் என்று காட்டை வெட்டிக் குடியேறியவர்களில் பெரும் பங்கு எங்கள் சனம். அங்கேயும் அவர்களுக்குத் ‘தோட்டக்காட்டான்’ என்றுதான் பெயர். பிள்ளை பிடிக்க வந்தபோதும் செல் விழுந்தபோதும் மட்டும் அந்த வித்தியாசத்தை யாரும் பார்க்கவில்லை. 2009 ஏப்ரலுக்குப் பிறகு சின்னம்மாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

காணாமல் போனவர்களுக்கான அந்த ஒரு இலட்சத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். தோட்டத்தில் பதிந்த சான்றிதழில் ஒரு பெயர், சிங்களத்தில் எழுதி மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்த அடையாள அட்டையில் இன்னொரு பெயர், வன்னிப் பங்கீட்டு அட்டையில் மூன்றாவது. பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். 1948இல் பறித்தது அவள் செத்ததாகச் சொல்லப்படும் வருடத்துக்கு ஆறு வருடம் முந்தித்தான் சட்டப்படி திரும்பி வந்திருந்தது. இது மூன்று பேரா, ஒரு பேரா என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். அவர் நல்ல மனிதர், உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொட்டகலை தாண்டியதும் சொன்னார்.

“தோட்டத்து செக்ரோல்ல மட்டுந்தான்டா தம்பி அவ பேரு எழுத்துப் பெசகாம இருந்துச்சு. மாசாமாசம் சங்கத்துச் சந்தா வெட்டணும்ல.”